முத்துலக்ஷ்மி அம்மையார் கற்ற வைத்தியம்

தேனியிலிருந்து ஆண்டிபட்டிக்குச் செல்லும் வழியில் க.விலக்கு என்னுமிடத்தில் அரசாங்க வைத்தியக் கல்லூரியொன்று 2004-ம் வருஷம் முதல் நடைபெற்று வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்த கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் முதலிய ஊர்களிலிருந்தும், போடி மலையடிவாரத்திலிருந்தும், வருஷநாட்டுக் கிராமங்களிலிருந்தும் கஷ்டப் பிரசவம் என்று அஞ்சப்படும் கர்ப்பிணிகள் அதன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்படுகிறார்கள். ஏழைத் தாய்மார்களுக்கு ராஜ்ய அரசாங்கம் பேறுகால உதவித் தொகை ஒன்றும் அளித்து வருகிறது. 2006-ல் 6,000 ரூபாயாகவும், 2011-ல் 12,000 ரூபாயாகவும், அதன் பின்னர் 18,000 ரூபாயாகவும் உயர்ந்த அவ்வுதவி, டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அப்பெயரைப் படிவங்களில் எழுதுவோரும், அத்தொகையைப் பெறுவோரும், அரசியல் மேடைகளில் முழங்கும் நம் நண்பர்களுங்கூட அவ்வம்மையாரின் வரலாற்றை முற்றும் அறிந்தவர்கள் என்று சொல்ல நாம் துணியோம். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டவர் என்று ஒரு வரியில் கூறி முடித்துவிடுவதே வழக்கமாயிருக்கிறது. அது உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. அம்மையார் முதலிலும் வைத்தியர், முடிவிலும் வைத்தியர். சட்டசபையில் அவர் செய்ததும் வைத்தியமே என்பது நமது கட்சி. அவருடைய வாழ்க்கையையே சாட்சியாக வைத்து அதை நிரூபிக்க விரும்புகிறோம்.

1886-ம் வருஷம் ஜூலை 30-ந் தேதி புதுக்கோட்டையில் அம்மையார் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் தலைமைப் பதவி வகித்த கல்விமான். தாயார் சந்திரம்மாள், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கம் வேரூன்றியிருந்த குலத்தில் தோன்றியவர். அவரோடு வாழத் துணிந்த ஐயரை அவருடைய சுற்றத்தார் ஒதுக்கி வைத்தனர். ஆகவே, பிறப்பைக் கொண்டு மனிதரை எடை போடும் சமூகத்தின் கடுமை இன்னதென்று முத்துலக்ஷ்மி புத்தகத்தில் படித்தறிய வேண்டியிருக்கவில்லை; அதை வீட்டிலேயே கண்டார்.

பருவமெய்திய பெண் பள்ளிக்கூடத்தை மறந்துவிட வேண்டும் என்பது அக்காலத்து நியதி. இவர் மறக்கவில்லை. வீட்டிலிருந்தபடியே படித்து 1902-ல் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தேறினார். கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, ஆண்பிள்ளைகள் படிக்குமிடத்தில் ஒரு பெண்ணா என்று ஊரில் பெருங்கூச்சல் எழுந்தது. மகாராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அக்கூச்சலுக்குச் செவி சாய்க்காமல் அனுமதி வழங்கினார். அக்கல்லூரியில் பயின்ற முதல் பெண் முத்துலக்ஷ்மியே. ஓர் அரசர் அன்று அஞ்சியிருப்பாராயின், தேசம் எதை இழந்திருக்கும் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

1907-ல் அவர் சென்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். 1835-ல் தொடங்கிய அக்கல்லூரி, 1875-ல் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அந்நால்வரில் ஒருவர் சென்னையில் பாரிஸ்டராயிருந்த ஓர் ஆங்கிலேயரின் மனைவியாகிய மேரி ஷார்லீப். ஆண் வைத்தியர் முகத்தில் விழிக்கலாகாது என்று திரைக்குள் வைக்கப்பட்டிருந்த பெண்கள், பிரசவ காலத்தில் உதவியின்றி மடிவதைக் கண்டு மனம் பொறுக்காமல் அவர் வைத்தியம் கற்க முன்வந்தார். அவர் காட்டிய வழியில் 32 ஆண்டுகளுக்குப் பின் வந்த முத்துலக்ஷ்மி, உடல் மெலிவையும் கண் பார்வைக் குறைவையும் பொருட்படுத்தாமல் படித்து, 1912-ல் தங்கப் பதக்கங்களோடு பட்டம் பெற்றார். 1844-ல் ஆரம்பிக்கப்பெற்ற சென்னைப் பிரசவ ஆஸ்பத்திரியில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாக அமர்ந்ததும் அவரே.

பிரசவ ஆஸ்பத்திரி என்பது ஒரு பெரிய பாடசாலை. பிள்ளை பிறந்தபின் நில்லாத உதிரப்போக்கு, அசுத்தமான கைகளாலும் கருவிகளாலும் ஏறும் விஷ ஜுரம், கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் மிகுந்து வரும் வலிப்பு, பிள்ளை இறங்க வழியின்றி நாட்கணக்கில் நீளும் வேதனை ஆகிய நான்குமே தாய்மார்களைக் கொல்லும் பெரும் பகைகள் என்று அங்கே மாணவர் கற்கிறார்கள். ஆனால் கண்ணுள்ளவர்கள் அதற்கு மேலும் ஒன்றைக் கற்கிறார்கள். பதினான்கு வயதுப் பெண்ணின் இடுப்பெலும்பு முழு வளர்ச்சி பெற்றிராது. அவள் பிரசவம் தடைப்படுவதற்குக் காரணம் அவளைக் கட்டிக்கொடுத்த நாளிலேயே இருக்கிறது. இரத்தம் குன்றியவள் சிறிது உதிரம் போனாலும் தாங்கமாட்டாள். அதற்குக் காரணம் பெண்ணுக்கு மிஞ்சியதை இட்ட அடுப்பங்கரையில் இருக்கிறது. மெலிந்த தாய்க்கு எடை குறைந்த சிசு பிறக்கிறது. அச்சிசு பிழைத்தாலும் நடுவயதில் நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் மற்றவரைவிட எளிதில் இரையாகிறது என்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஆகவே பிரசவம் பத்து மாதத்துக் காரியமன்று. பாட்டியின் இளமையில் தொடங்கிப் பேரனின் முதுமை வரை நீளும் ஒரே சங்கிலியின் ஒரு கண்ணி அது. முத்துலக்ஷ்மி அம்மையாரின் பிற்கால வேலைகள் அனைத்தும் இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தேடிச் சென்ற வேலைகளே.

1914-ல் அவர் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் தொழிலுக்குத் தடை கூறலாகாது என்ற நிபந்தனைகளோடு, சாதிச் சடங்குகளை நீக்கி, 1872-ம் வருஷத்து விவாகச் சட்டத்தின்படி நடந்த மணம் அது. இரண்டு புதல்வர்கள் பிறந்தனர். 1923-ல் அவருடைய இளைய சகோதரி புற்றுநோயால் காலமானார். வைத்தியராயிருந்தும் தம் கூடப்பிறந்தவளைக் காக்க முடியவில்லையே என்ற துயரம் அவர் நெஞ்சில் ஆறாத புண்ணாய் நிலைத்தது. 1925-ல் அரசாங்க உதவி பெற்று இங்கிலாந்து சென்று, பெண்கள் வைத்தியத்திலும் குழந்தைகள் வைத்தியத்திலும் மேற்பயிற்சி அடைந்தார். புற்றுநோய்க்கென்று தனியே நடைபெறும் ஆஸ்பத்திரியையும் அங்கே கண்டார். 1926-ல் பாரிஸ் நகரில் கூடிய சர்வதேசப் பெண்கள் மகாநாட்டில் இந்தியப் பெண்களின் பிரதிநிதியாகக் கலந்துகொண்டார்.

தேசத்துக்குத் திரும்பியதும் சென்னைச் சட்டசபைக்கு அங்கத்தினராக நியமிக்கும் பிரேரணை வந்தது. வைத்தியத் தொழிலுக்கு இடையூறாகுமே என்று முதலில் தயங்கினார். பெண்கள் சங்கத்தாரின் வற்புறுத்தலுக்கு இணங்கியே ஏற்றார். 1927-ல் சபையின் உபதலைவராக ஏகமனதாய்த் தேர்ந்தெடுக்கப்பட்டார். உலகத்தில் வேறெந்தச் சட்டசபையிலும் அதற்கு முன் ஒரு பெண் அப்பதவியில் அமர்ந்ததில்லை. ஆயினும் ஆசனத்தின் உயர்வைக் கண்டு நாம் மகிழ்வதைவிட, அதில் அமர்ந்து அவர் என்ன கேட்டார் என்பதைக் கவனிப்பதே முறை.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று கேட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வைத்தியர்கள் ஒழுங்காகப் பரிசோதிக்க வேண்டும் என்று கேட்டார். பெண்களை விலைப் பொருளாக்கும் விடுதிகளை ஒழிக்கச் சட்டம் வேண்டும் என்று போராடி, 1930-ல் அதை நிறைவேறச் செய்தார். 1928-ல் பெண்ணின் விவாக வயது 16-க்கும், ஆணின் வயது 21-க்கும் குறையலாகாது என்று தீர்மானம் கொணர்ந்தார். மறு வருஷம் மத்திய சட்டசபையில் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்ற அளவோடு நின்றுவிட்டது. பெண்ணின் வயது 1949-ல் 15 ஆயிற்று. 1978-ல்தான் 18 ஆயிற்று. சென்னையில் ஒரு பெண் வைத்தியர் கேட்டதைத் தேசம் ஒப்புக்கொண்டு தாண்டிச் செல்ல அரை நூற்றாண்டு பிடித்தது. அந்த ஐம்பது வருஷத் தாமதத்தை எத்தனை இளந்தாய்மார் தங்கள் உயிரால் ஈடுகட்டினார்கள் என்பதற்குக் கணக்கில்லை.

குழந்தை, மாணவி, மணப்பெண், தாய் என்று ஒரு பெண்ணின் ஆயுளில் ஒவ்வொரு படியிலும் நின்று அவர் பேசினார் என்பதை நேயர்கள் கவனித்திருப்பார்கள். தேவதாசி விஷயமும் இவ்வரிசையிலேயே சேர்ந்தது. அறியாப் பருவத்தில் பொட்டுக் கட்டப்பட்ட சிறுமி தன் விருப்பமின்றியே ஒரு வாழ்க்கைக்குள் தள்ளப்பட்டாள். அவ்வாழ்க்கையில் தொற்றும் மேகநோய், அவளோடு நில்லாமல் அவள் வயிற்றுச் சிசுவையும் பற்றி, பிறவியிலேயே அதைக் குருடாகவும் நோயாளியாகவும் ஆக்க வல்லது. இதை ஒரு வைத்தியர் அறிந்தும் வாளாவிருத்தல் இயலுமா? 1927-ல் அம்மையார் கொணர்ந்த தீர்மானத்தைச் சபை ஏற்றது. 1929-ல் இந்து அறநிலையச் சட்டத்துக்குத் திருத்தம் நிறைவேறியது. கோயிற்பணிக்காக விடப்பட்ட மானிய நிலங்கள், பணி செய்ய வேண்டும் என்ற கட்டு நீங்கி, அப்பெண்களுக்கே உரிமையாயின. பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கும் மசோதாவை 1930-ல் கொண்டுவந்தார்.

இதில் தேசிய இயக்கத்தாராகிய நாம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. காந்தியடிகள் அம்மையாரை ஆதரித்தார், பெரியார் ஆதரித்தார், மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று பிரசாரம் செய்தார். ஆனால் நம் இயக்கத்தின் சிறந்த பேச்சாளரான சத்தியமூர்த்தி எதிர்த்தார். அந்நியர் சபையில் நம் சமூக வழக்கத்தில் கை வைப்பதா என்ற எண்ணம் பல தேசபக்தர்களுக்கு இருந்தது. மறுபக்கத்தில், பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற கலைச்செல்வியர் தங்கள் மரபும் மரியாதையும் ஒருசேர அழிக்கப்படுவதாகக் குறைப்பட்டுக்கொண்டனர். நாட்டியத்தையும் சங்கீதத்தையும் தலைமுறை தலைமுறையாகக் காத்த பெண்களுக்குச் சட்டம் விடுதலை தந்ததேயன்றி, அவர்கள் கலைக்குரிய கௌரவத்தை உடன் தரவில்லை என்பது நியாயமான குறையே. அதை மறைத்து அம்மையாரைப் புகழ வேண்டிய அவசியம் நமக்கில்லை. எனினும், ஒரு சிறுமியின் உடல்மீது அவளைத் தவிர வேறெவருக்கும் உரிமையில்லை என்ற அவருடைய அடிப்படை வாதத்துக்கு எதிர்வாதம் அன்றுமில்லை, இன்றுமில்லை.

1930-ம் வருஷம் மே மாதம் காந்தியடிகள் சிறைப்பட்டார். அப்போது அம்மையாரின் மசோதா நிறைவேறாமல் சபையில் கிடந்தது. பதவியிலிருந்தால் அதைத் தாமே நடத்திச் செல்லலாம். விலகினாலோ பல வருஷ உழைப்பு பாழாகலாம். அவர் விலகினார். அடிமைத் தேசத்தில் பெண் மட்டும் தனியே விடுதலை பெற முடியாது என்பதை உணர்ந்தவரின் செயல் அது. மசோதா சட்டமாவதற்கு 1947-ம் வருஷம் வரை, சுதந்திரம் வரும் வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று.

சபையை விட்டவர் சும்மாயிருக்கவில்லை. புகலிடமின்றித் தம் வாசலுக்கு வந்த தேவதாசிக் குலத்துச் சிறுமிகளைத் தம் வீட்டிலேயே ஏற்றுக்கொண்டார். அதிலிருந்து அவ்வை இல்லம் தோன்றி, பின்னர் அடையாற்றில் நிலைபெற்றது. சட்டம் கதவைத் திறந்தால் மட்டும் போதாது, வெளியே வருபவளுக்குச் சோறும் கல்வியும் தொழிலும் வேண்டும் என்பதை இங்கே அவர் செய்து காட்டினார்.

சகோதரியை மறவாத நெஞ்சம் கடைசியில் தன் விரதத்தை முடித்தது. புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று அவர் பல்லாண்டு மன்றாடினார். சாகப் போகிறவர்களுக்கு இவ்வளவு செலவா என்று கேட்டவர் பலர். 1949-ல் பெண்கள் சங்கத்தின் மூலம் நிதி திரட்டத் தொடங்கினார். 1952-ல் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1954-ம் வருஷம் ஜூன் மாதம், 12 படுக்கைகளோடு அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. தென்னிந்தியாவில் அதுவே முதலாவது. அவருடைய புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், பின்னர் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதைத் தேசம் போற்றும் நிலையமாக வளர்த்தனர். 1956-ல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968-ம் வருஷம் ஜூலை 22-ந் தேதி, 82-ம் வயது நிறையச் சில நாட்களிருக்கையில் காலமானார்.

இனி, அவர் கற்ற பாடத்தை நம் பள்ளத்தாக்கில் வைத்துப் பார்ப்போம். முல்லைப் பெரியாற்றின் நீர் பாய்ந்து இருபோகம் விளையும் பூமி இது. திராட்சைக் கொடியும் தென்னையும் கண்ணுக்கு விருந்தளிக்கின்றன. விடியுமுன் எழுந்து சோற்றைப் பொதிந்துகொண்டு ஜீப்புகளில் நெருங்கியமர்ந்து, கம்பம் மெட்டும் போடி மெட்டும் ஏறி, ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் பெண்களை நாம் தினமும் காண்கிறோம். ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்பவரைக் கொக்கிப் புழு எளிதில் பற்றுகிறது. அது குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. மாதவிடாயிலும் பிரசவத்திலும் இழந்தது போக மிஞ்சிய இரத்தத்தையும் இவ்வாறு இழந்தவள், அடுத்த பிரசவத்தை எந்தப் பலத்தோடு எதிர்கொள்வாள்? பிள்ளை பெற்ற சில வாரத்திலேயே பாரம் சுமப்பவளுக்குக் கருப்பை இறங்கும் துன்பம் நேரலாம். வெட்கத்தால் அதை வெளியே சொல்லாமல் ஆயுள் முழுதும் சுமக்கிறவர்கள் உண்டு.

நம் பள்ளத்தாக்குக்கு வேறொரு களங்கமும் உண்டு. 1980-களில் உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண்சிசுக் கொலைகள் வெளிவந்தபோது தேசமே தலைகுனிந்தது. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-ல் மதுரை, திண்டுக்கல், தருமபுரி ஜில்லாக்களோடு தேனிக்கும் விரிவாக்கப்பட்டது. தொட்டில் வைக்க வேண்டியிருந்தது என்பதே நமக்கெதிரான சாட்சியம். கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதை 1994-ம் வருஷத்துச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. சிசுவின் பாலை நிர்ணயிப்பது தந்தையின் அணுவேயன்றித் தாயின் கருமுட்டையன்று என்பது வைத்தியக் கல்வியின் முதற்பாடம். அந்த ஒரு பாடத்தைக் கிராமத்து ஆண்கள் அறிந்திருந்தாலே, பெண் பெற்றாள் என்று மனைவியைத் தூற்றும் பேதைமை பாதி ஒழிந்திருக்கும்.

இவ்விஷயங்களைப் பொதுவில் பேசுவதும், பள்ளிகளில் கற்பிப்பதும் ஒழுக்கத்துக்குக் கேடு என்று சில பெரியோர்கள் சொல்வதை நாம் அறிவோம். அவர்களிடம் நாம் கேட்பது ஒன்றே. பருவமெய்திய பெண்ணுக்குத் தன் உடலில் நிகழ்வது இன்னதென்று தெரியாதிருப்பதால் எந்த ஒழுக்கம் காக்கப்பட்டது? மனைவியின் கர்ப்ப காலத்தில் எது அபாய அறிகுறி என்று கணவனுக்குத் தெரியாதிருப்பதால் எந்தக் குலம் மேன்மையடைந்தது? கருப்பை வாயில் தோன்றும் புற்றுநோயைச் சிறு பெண்களுக்கிடும் தடுப்பூசியாலும், நடுவயதில் செய்யும் எளிய பரிசோதனையாலும் பெரும்பாலும் தடுக்கலாம் என்று இன்று வைத்திய உலகம் கூறுகிறது. நாணத்தால் அப்பரிசோதனைக்குப் போகாமல் முற்றிய நோயோடு வருகிறவளைப் பார்க்கும்போது, அறியாமைக்கு நாணம் என்று பெயரிட்டது நாமல்லவா என்று மனம் குத்த வேண்டும்.

ஒரு வைத்தியக் கல்லூரி எழுந்துவிட்டதாலேயே காரியம் முடிந்துவிடாது. மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துக் கவனித்து வரவேண்டும் என்று இன்றைய பாடத்திட்டம் விதித்திருக்கிறது. அவ்விதி ஏட்டோடு நின்றுவிடாமல், தேனிக் கல்லூரி மாணவன் ஒரு பெண்ணைச் சிறுமியாகவும், அவள் தாயைக் கர்ப்பிணியாகவும், அவள் பாட்டியை மூப்பிலும் ஒரே வீட்டில் கண்டு கற்பானாகில், அம்மையார் கற்ற பாடத்தை அவனும் கற்றவனாவான். பேறுகால உதவித் தொகை பெறுவதற்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அவர் பெயரைத் தாங்கிய திட்டத்தில் அமைந்தது மிகவும் பொருத்தமே. உதவியும் போதனையும் அதில் ஒன்றாயிருக்கின்றன.

நம் அரசியல் ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. பிரசவ அறை பெண்கள் விஷயம், சட்டசபை ஆண்கள் விஷயம் என்ற பிரிவினையை முத்துலக்ஷ்மி அம்மையார் தம் வாழ்நாளால் தகர்த்தெறிந்தார். இளம்பெண்ணின் விவாகத்துக்கு முகூர்த்தம் குறிக்கப்படுவதைக் கேள்வியுற்றால் அதைத் தடுக்கச் செல்வதும், ஏலத்தோட்டத்துப் பெண்ணுக்கு இரும்புச் சத்து மாத்திரை கிடைக்கிறதா என்று விசாரிப்பதும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்கிறாரா என்று பார்ப்பதும் தேசத் தொண்டே. கூட்டங்களுக்கு நாற்காலி தேடும் நண்பர்கள், அம்மையார் நாற்காலியை விட்டு எழுந்த நாளை நினைவிற் கொள்வார்களாக. பள்ளத்தாக்கில் ஒரு தாயும் தடுக்கக்கூடிய காரணத்தால் மடியாத வருஷம் வரும்போதுதான், அவர் பெயரை உதவித் தொகைக்கு இட்ட நாம் அதற்குத் தகுதியுடையவர்களாவோம்.